பனியில் திக்கிய கார்

எந்த மோட்டாருக்கு எந்த பேட்டரி என்று நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டீர்கள். அதற்கான அட்டவணை கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் எழுதி ஒட்டியதுதான், பார்த்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் சிவப்புப் பேனாவால் 'குளிரவைத்துப் பார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. சோடா போத்தலுக்கு எழுதியது என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த வரி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் மிச்சம் இருப்பதில் உங்களுக்கு உண்மையாகவே உதவக்கூடியது அது ஒன்றுதான்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, படி ஏறிப் போகும் சந்தில் இருக்கும் இந்தக் கடையில் முதலில் போன் பழுது பார்த்தேன். பிறகு ரிமோட்டில் ஓடும் எலெக்ட்ரிக் கார்கள் வர ஆரம்பித்தன. போனைத் திறந்து மூடிக்கொண்டிருந்த எனக்கு அது புது உலகமாக இருந்தது. பேட்டரி ஒரு கம்பெனியுடையது, மோட்டார் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஸ்பீட் கன்ட்ரோலர் மூன்றாவது கம்பெனியுடையது. மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அவற்றைச் சேர்த்துவைத்து, ஓடு என்று சொல்வது நம் வேலை. சேர்த்துவைத்த பிறகு அவை என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆசைதான் என்னை இத்தனை ஆண்டுகள் இந்த மேசையில் உட்கார வைத்தது.

வெளியில் இருப்பவர்கள் இதைப் பொம்மைக் கார் என்பார்கள். இரண்டரைக் கிலோ எடை, மலைப் பாதையில் பஸ்ஸை முந்திப் போகும் வேகம். நீங்களாவது அதைப் பொம்மை என்று நினைக்காதீர்கள்.

ரவி என்று ஒரு பஸ் ஓட்டுநர். ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டுபவர், முப்பத்தைந்து வயது இருக்கும். தைப்பொங்கல் விடுமுறையில் நுவரெலியாவில் ஒரு மைதானத்தில் ரிமோட் கார்ப் பந்தயம் நடக்கிறது, அதில் ஓட வேண்டும் என்று வந்தார். அவருக்கு வேகம் வேண்டும். வேகம் அதிகமான மோட்டார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குத் தீனி போடக்கூடிய பேட்டரி ஒன்றையும் எடுத்தேன். எவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுக்கும் என்று பேட்டரியின் உறையில் பெரிய எண் ஒன்று அச்சடித்திருந்தது. மோட்டார் கேட்பதைவிட அந்த எண் பெரியது. கணக்குச் சரி. கன்ட்ரோலரை நடுவில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கன்ட்ரோலர் மோட்டாரை மட்டும் ஓட்டுவதில்லை. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும், முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாருக்கும் அதே பேட்டரியிலிருந்து ஒரு சின்னப் பங்கை அதுதான் பிரித்துக் கொடுக்கிறது. மோட்டார் பெரிய சாப்பாட்டுக்காரன். அந்தச் சின்னப் பங்கை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருந்தேன்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ரவி காரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்டெல்லாக்கா, வண்டி திக்குது."

"எப்புடித் திக்குது?"

"நிக்கிற எடத்துல இருந்து ஃபுல்லா அமுக்கினா, ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் போவுது. மறுபடி அமுக்கினா மறுபடி வெட்டுது."

"எப்பவுமா?"

"காலையில. மொத ட்ரிப் எடுக்க முன்னாடி பஸ் நிப்பாட்டுற எடத்துல ஓட்டிப் பாப்பேன். அப்பதான் பண்ணுது."

மத்தியான வெயிலில் சந்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். திக்கவே இல்லை. கன்ட்ரோலரில் ஒரு காவல் வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். பேட்டரியின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை அது வெட்டிவிடும். கட்-ஆஃப் என்கிறோம். இந்த கட்-ஆஃப் தேவையில்லாமல் பயப்படுகிறது என்று முடிவு செய்தேன். பேட்டரி புதியது, எண் பெரியது, பிறகென்ன பயம்? கட்-ஆஃபை அணைத்துவிட்டேன். மறுநாள் காலை ரவி போன் பண்ணி, திக்கல் போய்விட்டது, கார் பறக்கிறது என்றார். எனக்கும் சந்தோஷம். சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் காலையில் மட்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பாதிக் காரணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார் என்று பொருள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

நுவரெலியாவில் ஜனவரி மாதக் காலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் மைதானத்துக்குப் போனபோது புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. பழைய டயர்களை வரிசையாக அடுக்கி ஓடுபாதை போட்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறை என்பதால் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்திருந்தார்கள். வளைவுக்கு வெளியே மேடான இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் ஓட்டம் ஏழு மணிக்கு. ரவியின் கார் மூன்றாவது சுற்றிலேயே எல்லாவற்றையும் முந்திவிட்டது. நான் கயிற்றோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வந்தது. ரவி பிரேக் பிடித்து, திருப்பி, இந்தச் சுற்றில் திரும்பும்போதே முழு வேகத்தை அமுக்கினார். கார் திரும்பவில்லை. நேராகப் போனது.

"திரும்ப மாட்டேங்குது! திரும்ப மாட்டேங்குது!" என்று ரவி கத்தினார். ரிமோட்டின் சக்கரத்தை முழுக்க ஒடித்துப் பிடித்திருந்தார். கார் ஒரு டயரில் ஏறி, எகிறி, மேட்டில் இருந்த பாய்களை நோக்கிப் பறந்தது.

அங்கே நீலச் சால்வை போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கையில் பனிஸ் ரொட்டி. காரைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து ஓடவில்லை, குழந்தையைத் தூக்க நேரமும் இல்லை. உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் குறுக்கே வைத்தார். கார் அவர் முழங்காலுக்குக் கீழே மோதி நின்றது. அந்தச் சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

ஓடினேன். அவர் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு ஒன்னும் இல்லியே?" என்றார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பனிஸ்தான் கீழே விழுந்திருந்தது. பிறகு அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த வண்டி ஒங்களோடதா?"

"நான்தான் கட்டுனேன்."

"திரும்பும்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அது ஏன் திரும்பல?"

வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அது திட்டு இல்லை, உண்மையான கேள்வி. "தெரியல" என்றேன்.

அவர் பெயர் புஷ்பம். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். குழந்தை அவருடைய தங்கச்சி மகள். அவரையும் அவர் கணவரையும் திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பில் விரிசல். மாவுக் கட்டுப் போட்டார்கள். வாரக்கணக்கில் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது என்றார்கள். அவர் கணவர் என் முகத்தைப் பார்க்காமலே, வீட்டு விலாசத்தை மட்டும், நான் கேட்டதும், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மைதானத்துக்குத் திரும்பியபோது மத்தியானம். வெயில் நன்றாக அடித்தது. ரவி முன் சக்கரத்தை மாற்றிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம். முதல் ஓட்டம் முடியாவிட்டாலும் அதில் ஓட அவருக்கு இடம் இருந்தது.

"அக்கா, இருவது ரவுண்டு ஓட்டிட்டேன். ஒரு தடவ கூட மக்கர் பண்ணல. சிக்னல் கோளாறுன்னு எல்லாரும் சொல்றாங்க. காலையில அத்தன ரிமோட்டு ஒன்னா ஓடுச்சில்ல."

"சொல்றவங்க யாராச்சும் பாத்தாங்களா?"

"வேற என்னாவா இருக்கும்?"

"தெரியல. அதனாலதான் ஓட்ட வேணாங்குறேன்."

அவர் முகம் மாறியது. அவரோடு வேலை செய்யும் ஓட்டுநர்கள் நாலைந்து பேர் ஹட்டனிலிருந்து அவர் ஓட்டத்தைப் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். பந்தயம் நடத்துபவரும் வந்து, டயரை இரண்டு அடுக்காகப் போட்டுவிட்டோம், ஆட்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டோம், ஓடலாம் என்றார்.

"வண்டி என்னோடதுக்கா" என்றார் ரவி.

"வண்டி ஒங்களோடதுதான். திரும்பலன்னா, ஏன்னு பதில் சொல்ல வேண்டியவ நான்."

சொல்லிவிட்டு என் பையிலிருந்து திருகு சாவியை எடுத்து, மோட்டார் தண்டிலிருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் மோட்டார் சுற்றும், கார் நகராது.

இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கார் கடைசி ஓட்டத்தில் ஒழுங்காக ஓடியிருக்கும் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். வெயில் இருந்தது. ஓடியிருந்தால் எல்லோரும் சிக்னல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அடுத்த பனிக்காலத்தில் அதே கார் இன்னொரு மேட்டை நோக்கிப் போயிருக்கும். காரணம் தெரியாமல் தானாகவே சரியாகிவிட்ட கோளாறு எனக்கு எப்போதும் பயம் தருகிறது. அது சரியாகவில்லை, எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரவி அன்றைக்கு என்னை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கார் என்னிடமே இருந்தது.

மறுநாள் கடை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "சிக்னல்னு எல்லாருமே ஒத்துக்கிட்டாங்கதானே ஸ்டெல்லா? நாமளா எதுக்குக் கிண்டணும்?" என்றார். எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வி காதில் இருந்தது. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதலில் சிக்னலைத்தான் சோதித்தேன். கடையில் இருந்த ரிமோட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, பல்சக்கரத்தை மறுபடி மாட்டி ஓட்டினேன். கார் ஒழுங்காகத் திரும்பியது. வயர்களைப் பிடித்து இழுத்தேன். இணைப்புகளைத் தட்டினேன். புல்லின் ஈரமாக இருக்குமோ என்று தண்ணீர் தெளித்தேன். ஒன்றுமில்லை. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் ஒரு தாளை எடுத்துக் காலையில் இருந்ததையும் மத்தியானம் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கார் அதே கார். பேட்டரி அதே பேட்டரி. ஓட்டியவர் அதே ஆள். பாதை அதே பாதை. கடைசியில் ஒரே ஒரு வித்தியாசம்தான் அடிக்கப்படாமல் மிஞ்சியது. குளிர்.

படி இறங்கிப் போய் மீன் கடைக்காரரிடம் ஐஸ் கேட்டேன். மீன் வரும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸைப் போட்டு, பேட்டரியை மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி அதற்குள் வைத்தேன். உறைந்துபோகக் கூடாது, அன்றைய காலை எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர வேண்டும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது ரவி வந்தார்.

"என் வண்டியக் குடுங்க" என்றார். கோபம் இன்னும் இருந்தது. பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னா, மீனா?"

"ஒங்க பேட்டரி."

ரவி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைக்குப் பின்னால் ஏற்றமான ஒரு சந்து இருக்கிறது. காரை அங்கே கொண்டுபோனோம். காரின் முதுகில் மின்னழுத்தம் காட்டும் ஒரு மீட்டரைக் கட்டி பேட்டரியோடு இணைத்து, அதற்கு மேல் என் போனை டேப்பால் ஒட்டி வீடியோ எடுக்கவிட்டேன். மீட்டரின் எண்ணும் ரிசீவரின் சிவப்பு விளக்கும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்தேன். முதலில் அதே வகையில் குளிரவைக்காத சூடான பேட்டரி ஒன்று. கார் நிற்கும் இடத்திலிருந்தே ரவி சக்கரத்தை ஒடித்துக்கொண்டு முழுக்க அமுக்கினார். கார் திரும்பி ஏறிப் போனது. பிறகு பெட்டியிலிருந்து எடுத்த பேட்டரி. இந்த முறையும் சக்கரத்தை ஒடித்துக்கொண்டே அமுக்கச் சொன்னேன். கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது.

இரண்டு பேரும் போனுக்கு மேல் குனிந்தோம். வீடியோவை மெதுவாக நகர்த்தினேன். சூடான பேட்டரியில் எண் எட்டிலிருந்து ஏழுக்கு இறங்கி நின்றது. குளிர்ந்த பேட்டரியில் எட்டு, ஏழு, ஆறு என்று சரிந்து ஐந்துக்கும் கீழே போனது. அந்த இடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றார் ரவி.

"ஒன்றரைச் செக்கன் இருக்கும்."

அவர் பஸ் ஓட்டுபவர், கணக்கு உடனே வந்தது. "அந்த வேகத்துல ஒன்றரைச் செக்கன்னா இருவது மீட்டர் போயிரும்."

குளிர்ந்த பேட்டரியால் உறையில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுக்க முடியவில்லை. அந்த எண்ணே தாராளமாக அச்சடித்ததுதான். வளைவில் மோட்டார் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்தபோது, திருப்பும் மோட்டாரும் சேர்ந்து இழுத்தது. ரிசீவருக்குப் போக வேண்டிய அந்தச் சின்னப் பங்குக்கு எதுவும் மிஞ்சவில்லை. அது ஒரு கணம் செத்துப் பிழைத்தது. அந்த ஒரு கணம் கார் யாருடைய கையிலும் இல்லை.

எனக்குக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம், மறைக்கமாட்டேன். ரவி மட்டும் சிரிக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் திக்குதுன்னு கொண்டாந்தேனே. அந்தத் திக்கல எப்புடி நிப்பாட்டினீங்க?"

அந்தக் கேள்வி வரும்வரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

"கட்-ஆஃப ஆஃப் பண்ணேன்."

"அது இருந்திருந்தா?"

"ஆறுக்கு எறங்க முன்னாடியே மோட்டார வெட்டியிருக்கும். வண்டி திக்கியிருக்கும். ஆனா திரும்பியிருக்கும்."

"அப்ப வண்டி சொல்லியிருக்கு. நாமதான்…"

"நாம இல்ல. நீங்க வந்து சொன்னீங்க. நான்தான் அதோட வாயப் பொத்துனேன்."

இந்த வேலையில் நான் செய்த தவறுகள் பல. தவறான பல்சக்கரம் போட்டு மோட்டாரை எரித்திருக்கிறேன். வயரை மாற்றிப் பற்றவைத்து கன்ட்ரோலரைப் புகைய விட்டிருக்கிறேன். அவற்றை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வேன். இதை மட்டும் அப்படிச் சொல்ல வராது. தெரியாமல் செய்த தவறு இல்லை இது. எனக்கு ஒரு தகவல் வந்தது. அது தொந்தரவாக இருந்ததால் அதை நிறுத்தினேன், நிறுத்தியதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

காரை மறுபடி பொருத்தினேன். வேகத்தில் ஒரு படி குறைந்த மோட்டார், இரண்டு பல் குறைந்த பல்சக்கரம், ரிசீவருக்கும் திருப்பும் மோட்டாருக்கும் தனியாக ஒரு குட்டி பேட்டரி. கட்-ஆஃபைத் திரும்பப் போட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பேட்டரியோடு நாற்பது தடவை ஓட்டினோம். "மெதுவாயிருச்சே" என்றார் ரவி. "ஆமா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடப்புசல்லாவைக்குப் போக முடிவு செய்தேன். தனியாகப் போகத்தான் நினைத்தேன். விடியற்காலை பஸ் நிலையத்தில் ரவி காரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சீட்டில் எழுதியிருந்த லயத்து வீட்டு வரிசையைக் கண்டுபிடித்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. புஷ்பத்தின் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எதுக்கு வந்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வரட்டும். நான் அவுங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கேன்."

கட்டுப் போட்ட காலை ஒரு பலகையில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, குளிர், வீடியோ, அணைந்த விளக்கு. எனக்குத் தெரிந்த தொழில் வார்த்தைகளைத் தள்ளிவிட்டுச் சொல்வது கஷ்டமாக இருந்தது. முடிந்ததும் அவர் கேட்டார்:

"வெறும் வயித்தோட குளுருல மலைக்குப் போனா, மொத ஏத்தத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வரும். காலு பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கும். எங்க போறோம்னு தெரியாது. அப்புடியா?"

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நான் யாருக்கு விளக்கினாலும் அவருடைய வார்த்தைகளில்தான் விளக்கியிருக்கிறேன்.

"அப்புடியேதான்" என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். ரவி முன்னாலேயே திக்கலைச் சொன்னதை, நான் காவலை அணைத்ததை.

"அந்தத் தம்பி சொன்னப்பவே ஒழுங்கா பாத்திருந்தா?"

"ஒங்க காலு ஒடஞ்சிருக்காது."

வாசலில் நின்ற கணவர் ஒரு எட்டு உள்ளே வந்தார். புஷ்பம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது கேட்டு வாங்கும் பொருள் இல்லை.

"இப்ப ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும்."

"ஓட்டிக் காட்டுங்க."

ரவி எழுந்தார். புஷ்பம் வெளியே எட்டிப் பார்த்தார். "இருங்க. இப்ப வெயில் காயுது. வெயில்ல அன்னைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுன்னீங்க. குளுருல ஓடுனாத்தானே தெரியும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றிய சோதனை, எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தோன்றியது. லயத்துக்குக் கீழே தண்ணீர்ப் பீலி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து நேராக வரும் தண்ணீர், கை வைத்தால் மரத்துப்போகும். ரவி பேட்டரியைப் பொலித்தீனில் சுற்றி அதன் அடியில் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி துவைக்க வந்த பெண்கள் அவரைச் சுற்றி நின்று கேலி செய்தார்கள்.

பேட்டரியை மாட்டிக்கொண்டு வந்ததும் புஷ்பத்தை நாற்காலியோடு தூக்கி லயத்து வாசலில் வைத்தோம். ரவி ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"என்கிட்ட குடுங்க தம்பி."

ரவி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எப்படி அமுக்குவது, எப்படித் திருப்புவது என்று காட்டினார். புஷ்பம் ஓட்டுவதற்கு முன்னால் வாசலில் கூடிவிட்ட பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் உள்ள போங்க. கதவச் சாத்துங்க" என்றார். அன்றைக்கு பனிஸ் சாப்பிட்ட குழந்தையும் அவர்களில் இருந்தாள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

முதலில் மெதுவாக ஓட்டினார். வாசலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, தண்ணீர்ப் பீப்பாயைச் சுற்றி, திரும்ப. கை கெட்டிக்காரக் கை. பிறகு காரை லயத்தின் கடைசி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்த் தன்னைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். ஒரு மூச்சு எடுத்தார். முழுக்க அமுக்கினார்.

கார் ஒரு வெட்டு வெட்டித் திக்கியது. பிறகு அவரை நோக்கி நேராக வந்தது.

"ஏய் புஷ்பம்!" என்று அவர் கணவர் கத்தினார். ரவி பாய்ந்து குறுக்கே விழப் பார்த்தார், நான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. புஷ்பம் காலை இழுக்கவில்லை. கட்டுப் போட்ட கால் அப்படியே நீட்டிக் கிடந்தது. கார் ஒரு முழம் தூரத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்து, அமுக்கிய விரலை எடுக்காமலே சக்கரத்தை ஒடித்தார். கார் சீறித் திரும்பியது. சக்கரம் கிளப்பிய மண் மாவுக் கட்டின் மேல் தெறித்தது.

ரிமோட்டை மடியில் வைத்தார். கட்டின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், சாத்தியிருந்த கதவைப் பார்த்துச் சொன்னார்:

"புள்ளைங்கள வெளிய வரச் சொல்லுங்க."